பதினேழாம் பக்கத்துச் செய்தி

2003 மார்ச் 16. பாக்தாத் மீது குண்டுகள் விழ இன்னும் நான்கு நாள்களே இருந்தன. அன்றைய 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் பதினேழாம் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் வால்ட்டர் பின்கஸ், உளவுத்துறைகளைப் பற்றிப் பல்லாண்டுகளாக எழுதிவந்த மூத்த செய்தியாளர். சதாம் உசேன் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு இருக்கின்றன என்று அமெரிக்க உளவு அமைப்புகளால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் சாரம். அதை வெளியிட ஆசிரியர்கள் தயங்கினார்கள், சக செய்தியாளர் பாப் வுட்வர்ட் பரிந்து பேசிய பிறகே அது அச்சேறியது என்ற விவரம் அடுத்த ஆண்டு அதே நாளிதழ் தன்னைத்தானே ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில்தான் தெரியவந்தது.

ஈராக் போரைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'அரசு பொய் சொன்னது' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படும் கேள்வி ஒன்று உண்டு. போரைக் கேள்வி கேட்கும் குடிமக்களிடம் எல்லா நாட்டு அரசுகளும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: 'உங்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும்.' ரகசியக் கோப்பு எதையும் கண்ணால் பார்த்திராத, நாளிதழும் தொலைக்காட்சியும் மட்டுமே கைவசம் இருந்த ஒருவர், அன்று பொதுவெளியில் கிடைத்ததை மட்டும் வைத்து 'இந்தப் போருக்கு நான் சம்மதிக்க மாட்டேன்' என்று சொல்ல நியாயம் இருந்ததா? அவருடைய தீர்ப்பை எடைபோடும்போது, பின்னால் வெளிவந்த ஆவணங்களை அவர் பக்கத் தட்டில் வைக்கக் கூடாது. அரசின் வாதத்தைச் சோதிக்க மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

முதலில் அந்த ரகசிய வாதம். 2002 செப்டம்பர் 8 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஜூடித் மில்லரும் மைக்கேல் கார்டனும் எழுதிய செய்தி வந்தது. ஈராக் ஆயிரக்கணக்கில் அலுமினியக் குழாய்களை வாங்க முயல்கிறது, அவை யுரேனியத்தைச் செறிவூட்டும் எந்திரங்களுக்கானவை என்று அரசு அதிகாரிகள் நம்புகிறார்கள் என்றது அது. அதே நாள் காலை துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, அந்த நாளிதழ்ச் செய்தியையே மேற்கோள் காட்டினார். பெயர் சொல்லாத அதிகாரிகள் செய்தியாளர்களிடம் சொன்னது அச்சாகி, அச்சானதை அரசே ஆதாரமாக எடுத்துக் காட்டியது. காலையில் நாளிதழைப் படித்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டவருக்கு, தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே உண்மையைச் சொல்வதாகவே பட்டிருக்கும். இருந்ததோ ஒரே சாட்சி.

பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, ஜோபி வாரிக் 'வாஷிங்டன் போஸ்ட்'டில் அந்தக் குழாய்களைப் பற்றி நிபுணர்களுக்கே ஐயம் இருக்கிறது என்று எழுதினார். அது பதினெட்டாம் பக்கத்தில் வந்தது.

அக்டோபர் தொடக்கத்தில், செனட் உறுப்பினர்கள் வற்புறுத்தியதால், சுமார் மூன்றே வாரத்தில் தேசிய உளவு மதிப்பீடு ஒன்று தயாரானது. 92 பக்கம். குழாய்கள் ராக்கெட்டுகளுக்கானவையாகவே தோன்றுகின்றன என்று எரிசக்தித் துறையின் அணு நிபுணர்கள் கருதியதும், ஈராக் அணுத் திட்டத்தை மீட்டெடுக்கிறது என்ற முடிவை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்காததும் அதில் பதிவாகியிருந்தன. பொதுமக்களுக்கென்று வெளியிட்ட சுருக்கத்தில் இந்த மாற்றுக் கருத்துகள் மங்கியும் மறைந்தும் போயிருந்தன. இங்கேதான் 'எங்களுக்குத் தெரியும்' என்ற வாதம் உடைகிறது. அரசிடம் கூடுதலாக இருந்தவற்றில் மிக முக்கியமானது ஐயம். அதைப் பூட்டி வைத்துவிட்டு உறுதியை மட்டும் வெளியே அனுப்பினார்கள். அந்த மாதமே பிரதிநிதிகள் அவை 296–133 என்றும் செனட் 77–23 என்றும் வாக்களித்து அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுத்தன.

அரசின் அடுத்த வாதம் இதைவிடக் கனமானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஈராக்கிடம் ஏதோ இருக்கிறது என்று அன்று உலகமே நினைத்தது என்பது அந்த வாதம். உண்மைதான். போரை எதிர்த்த நாடுகளின் உளவு அமைப்புகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஐ.நா. ஆயுதப் பரிசோதகர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே அப்படித்தான் எண்ணியிருந்தார். சதாம் 1980களில் குர்துகள் மீதும் ஈரானியர் மீதும் நச்சு வாயு வீசியவர். பரிசோதகர்களை ஆண்டுக்கணக்கில் ஏமாற்றியவர். அவரைச் சந்தேகித்ததற்காக எவரையும் குற்றம் சொல்ல முடியாது. 2002 நவம்பர் மாதம் வரை அரசின் கூற்றை நம்பிய குடிமகன் அசட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை என்றே நான் சொல்வேன்.

நவம்பர் 27 அன்று நிலைமை மாறியது. பரிசோதகர்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஈராக்கில் மீண்டும் வேலையைத் தொடங்கினார்கள். அதுவரை ஊகமாக இருந்தவற்றை இனி நேரில் போய்ப் பார்க்கலாம். பார்த்தார்கள். 2003 பிப்ரவரி 14க்குள் 300க்கும் மேற்பட்ட இடங்களில் 400க்கும் மேற்பட்ட சோதனைகள் முடிந்துவிட்டன. முன்னறிவிப்பு இல்லாமல் போனார்கள், மேற்கத்திய உளவு அமைப்புகள் சுட்டிக்காட்டிய இடங்களுக்கும் போனார்கள். பேரழிவு ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. சந்தேகத்தோடு தொடங்கிய பிளிக்ஸ் சான்றுகளைப் பார்த்துத் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டே வந்தார். வாஷிங்டனும் லண்டனும் ஒவ்வொரு வாரமும் முன்பைவிட உறுதியாகப் பேசின. சான்று ஒரு திசையிலும் பேச்சு எதிர்த்திசையிலும் போய்க்கொண்டிருந்தது. அன்றாடம் செய்தி பார்க்கும் எவருக்கும் தென்படக்கூடிய முரண் இது. அதைக் காண ரகசிய அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் நடந்ததைத்தான் இந்த வழக்கின் மையச் சான்றாகக் கொள்கிறேன். பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் முகம்மது எல்பராதே அங்கே இரண்டு விஷயங்களைச் சொன்னார். அந்த அலுமினியக் குழாய்கள் செறிவூட்டலுக்கானவை என்பதற்கு ஆதாரம் இல்லை. நைஜர் நாட்டிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டும் ஆவணங்கள் உண்மையானவை அல்ல. ஆப்பிரிக்க யுரேனியம் பற்றிய குற்றச்சாட்டு ஜனவரி 28 அன்று அதிபர் புஷ்ஷின் நாடாளுமன்ற உரையிலேயே இடம்பெற்றிருந்தது. போலி ஆவணங்களில் ஒன்றில் இருந்த கையெழுத்து, பதவியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான ஓர் அமைச்சருடையது. முகமையின் வல்லுநர்கள் இணையத் தேடலிலேயே இந்தப் பொருத்தமின்மைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போரை நியாயப்படுத்தச் சொன்ன இரண்டு அணுக் குற்றச்சாட்டுகளும், போர் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே, உலக அரங்கில், பொதுவில் சரிந்துவிட்டன. அதற்குப் பிறகும் செனி, எல்பராதே சொல்வது தவறு என்று தொலைக்காட்சியில் சொன்னார்.

இதே வாரங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமானியர் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்பு அவையில் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அந்த உரையில், பிரிட்டன் சில நாள் முன்பு வெளியிட்ட ஓர் ஆவணத்தை நேர்த்தியானது என்று பாராட்டினார். மறுநாள் 'சேனல் 4' செய்தி அதன் பின்னணியை உடைத்தது. அந்த ஆவணத்தின் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளர் ஓர் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து, எழுத்துப் பிழைகள் உட்பட, அப்படியே எடுக்கப்பட்டிருந்தது; அதுவும் பெரும்பாலும் 1991 வளைகுடாப் போரை ஒட்டிய தகவல். கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் அரசியல் கற்பித்த கிளென் ரங்வாலா. அவரிடம் உளவாளிகள் யாரும் இல்லை, வாசிப்பு இருந்தது. அரசின் ஆவணத்தைப் படித்தபோது, இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது.

போருக்கு ஆதரவாக 2002 ஆகஸ்டில் ஆற்றிய உரையில் செனி சாட்சியாக இழுத்த சதாமின் மருமகன் உசேன் கமால், 1995இல் நாட்டைவிட்டு வெளியேறியபோது, ஆயுதங்களை அழிக்கத் தானே உத்தரவிட்டதாகப் பரிசோதகர்களிடம் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை 'நியூஸ்வீக்' போருக்கு முன்பே வெளியிட்டது. அதைச் சி.ஐ.ஏ. அடியோடு மறுத்தது. சில நாள்களிலேயே அந்த விசாரணைப் பதிவு முழுவதையும் ரங்வாலா பொதுவில் வைத்துவிட்டார். மறுப்பையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படித்துப் பார்க்கும் நிலை அதனால் வந்தது.

ஆக, தகவல் இருந்தது. அப்படியானால் 2003 மார்ச்சில் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் போரை ஆதரிப்பதாக காலப் கருத்துக்கணிப்பில் சொன்னது எப்படி?

ஊடகத்தின் பங்கு இங்கே வருகிறது. 'அதிபர் சொன்னார், நாங்கள் வெளியிட்டோம்; அதிபர் சொல்வது செய்திதானே' என்பது ஊடகங்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட வாதம். அதிபர் சொல்வது செய்திதான், ஐயமில்லை. ஆனால் 2002 ஆகஸ்டு முதல் போர் தொடங்கும் வரை ஈராக்குக்கு எதிரான அரசுப் பேச்சை மையமாகக் கொண்டு 140க்கும் மேற்பட்ட செய்திகளைத் தன் முதல் பக்கத்தில் வெளியிட்டதாக 'வாஷிங்டன் போஸ்ட்' பின்னர் தானே எண்ணிச் சொன்னது. பின்கஸும் வாரிக்கும் எழுதியவை உள்ளே கிடந்தன. பவலின் உரைக்கு முன்னும் பின்னுமான இரண்டு வாரங்களில் நான்கு பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் இரவுச் செய்திகளில் ஈராக் பற்றிப் பேசிய 393 பேரை ஊடகக் கண்காணிப்பு அமைப்பான 'ஃபேர்' எண்ணிப் பார்த்தது. அவர்களில் போர் எதிர்ப்பு இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். உலகத்தின் பல நகரங்களில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கிய பிப்ரவரி 15ஐ ஒட்டிய வாரங்கள் அவை. 'எம்.எஸ்.என்.பி.சி.' தொலைக்காட்சி, தன் தொகுப்பாளர்களில் போரை வெளிப்படையாக எதிர்த்த ஃபில் டோனஹியூவின் நிகழ்ச்சியை அதே மாதத்தில் நிறுத்தியது. போர்க்காலத்தில் இவர் நிறுவனத்துக்குச் சங்கடமான முகமாக இருப்பார் என்ற கவலை, வெளியே கசிந்த உள் அறிக்கை ஒன்றில் எழுதப்பட்டிருந்தது.

வேறு மாதிரிச் செய்திருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு 'நைட் ரிட்டர்' நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தைக் காட்டலாம். ஜான் வால்காட்டின் தலைமையில் ஜொனாதன் லேண்டே, வாரன் ஸ்ட்ரோபல் ஆகியோர் 2002 இலையுதிர்காலத்திலிருந்தே அரசின் கூற்றுகளை ஐயத்தோடு அலசி எழுதினார்கள். அவர்களுக்குத் தனி மந்திரம் எதுவும் கைவசம் இல்லை. அமைச்சர்களோடு விருந்துண்பதை விட்டுவிட்டு, நடுமட்டத்தில் கோப்புகளைக் கையாளும் அதிகாரிகளைத் தேடிப் போனார்கள். பதவி நியமனத்தால் வராமல் பணி அனுபவத்தால் வந்தவர்கள் அந்த அதிகாரிகள். அவர்களுக்குத் தங்கள் பெயரைக் காக்க வேண்டிய தேவை இருந்தது, போரை விற்கும் தேவை இல்லை. ஆனால் அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ சொந்த நாளிதழ் இல்லை. அதிகார மையத்தில் இருந்தவர்களின் காலை மேசைக்கு அந்தச் செய்திகள் போய்ச் சேரவில்லை.

இதனால் என் தீர்ப்பு ஊடகத்தின் மீதுதான் கடுமையாக விழுகிறது. அரசு தன் பக்கத்தை மிகைப்படுத்தும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அதைத் தடுத்து நிறுத்தத்தான் செய்தியறையில் ஆசிரியர் என்று ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் எது, பதினேழாம் பக்கத்தில் எது என்று முடிவு செய்யும் கையில் சிறு அளவிலாவது போரை முடிவு செய்யும் அதிகாரம் இருக்கிறது. 'நியூயார்க் டைம்ஸ்' 2004 மே 26 அன்று தன் ஈராக் செய்திகளில் பல போதுமான ஆய்வின்றி வெளியானவை என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பு வந்தது பத்தாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் செய்த தவற்றுக்கு முதல் பக்கத்தில் திருத்தம் போடாத வரை, நாளிதழ் தன் குற்றத்தின் தன்மையை உணர்ந்துவிட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

குடிமக்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று, 2003 கோடையில் 'வாஷிங்டன் போஸ்ட்' நடத்திய கணிப்பில் 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். அப்படி ஓர் ஆதாரம் இல்லை என்று செப்டம்பரில் புஷ்ஷே சொல்ல வேண்டிவந்தது. அதே ஆண்டு மேரிலாந்து பல்கலைக்கழகம் சார்ந்த 'பீப்பா' ஆய்வு மூன்று தவறான நம்பிக்கைகளைச் சோதித்தது: சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகிவிட்டது, ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, உலகம் போரை ஆதரித்தது. 'ஃபாக்ஸ்' தொலைக்காட்சியை முதன்மைச் செய்தி வழியாகக் கொண்டவர்களில் 80 விழுக்காட்டினர் இவற்றில் ஒன்றையாவது நம்பினார்கள். அன்று பொது நிதியில் இயங்கிய வானொலியையும் தொலைக்காட்சியையும் நம்பியவர்களில் அந்த அளவு 23 விழுக்காடு. எந்த வாசலை ஒருவர் தேர்ந்துகொள்கிறார் என்பதில் அவருக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஒரே காலையில் கொல்லப்பட்ட நாட்டின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருந்தும், மறுபக்கம் சாகப்போகிறவர்களின் எண்ணிக்கையைக் கேட்காமல் கொடுத்த சம்மதத்துக்கு அந்த அச்சம் முழு விலக்கு ஆகாது. ஈராக்கில் 'ஈராக் பாடி கவுண்ட்' அமைப்பு ஆவணப்படுத்திய பொதுமக்கள் சாவுகள் மட்டுமே 1,80,000க்கு மேல்.

இதுவரை சந்தேகப்பட்டவர்களின் பக்கமே நியாயம் சேர்ந்திருக்கிறது. அவர்களையும் அதே தராசில் ஏற்ற வேண்டும். ஈராக் கற்றுத் தந்ததாகப் பலர் எடுத்துக்கொண்ட பாடம், 'வாஷிங்டன் சொன்னால் அது பொய்' என்பது. 2022 பிப்ரவரியில் அந்தப் பாடம் தோற்றது. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுக்கப் போகிறது என்று அமெரிக்க உளவுத்துறை வாரக்கணக்கில் எச்சரித்தது. ஈராக்கை நினைவில் வைத்திருந்த பலர் அதைப் போர் வெறிக் கூச்சல் என்று ஒதுக்கினார்கள். பிப்ரவரி 24 அன்று படைகள் எல்லையைக் கடந்தன. வேறுபாட்டை முன்பே கண்டிருக்கலாம். எல்லையில் குவிந்த லட்சத்துக்கு மேற்பட்ட படையினரைத் தனியார் செயற்கைக்கோள் படங்களில் யாரும் பார்க்க முடிந்தது. படைகளைத் திரும்பப் பெறுவதாக மாஸ்கோ சொன்னபோது அந்தப் படங்கள் அதற்கு மாறாக இருந்தன. எச்சரித்தவர் தான் தொடங்கப்போகும் போருக்குச் சம்மதம் கேட்கவும் இல்லை. ஈராக்கில் நேரில் போய்ப் பார்த்தவர்கள் அரசின் கூற்றைப் பலவீனமாக்கினார்கள். உக்ரைனில் பார்க்கக் கிடைத்தவை அந்தக் கூற்றைப் பலப்படுத்தின. 2003இல் பிளிக்ஸின் அறிக்கையைப் படித்துச் சந்தேகித்தவரும், 2022இல் படங்களைப் பார்த்து நம்பியவரும் ஒரே மனிதராக இருக்க முடியும். இரண்டு முறையும் வெறுமனே மறுத்தவர் 2003இல் சரியாக இருந்தது தற்செயல்.

ஆனாலும் 2022இல்கூடக் கேள்வி கேட்டது வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், ரஷ்யா ஒரு போலித் தாக்குதல் காணொளியைத் தயாரிக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர் சொன்னபோது, சான்று எங்கே என்று 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தியாளர் மாட் லீ விடாமல் கேட்டார். நான் சொல்வதே சான்று என்ற தொனியில்தான் பதில் வந்தது. பெரிய கூற்று உண்மையாகிவிட்டது என்பதால் அந்தக் கேள்வி தவறாகிவிடாது. அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பு பெரும்பாலான செய்தியாளர்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.

எனவே தீர்ப்பு இது. 2002 நவம்பருக்கு முன்பு நம்பியவரை மன்னிக்கலாம். 2003 மார்ச் 7க்குப் பிறகு, பொதுவெளிச் சான்றுகளை மட்டுமே கொண்டு, சம்மதம் மறுக்கக் குடிமகனுக்கு முழு நியாயம் இருந்தது. ஆயுதம் இல்லவே இல்லை என்று அவர் நிறுவியிருக்க வேண்டியதில்லை. கொல்லப் புறப்படுகிறவர்தான் நிறுவ வேண்டும். பரிசோதகர்கள் கேட்ட சில மாதங்களைத் தர மறுத்தவர்களிடம் அந்தக் கடன் தீராமல் நின்றது. பிரிட்டனில் 2016 ஜூலையில் வெளியான சில்காட் அறிக்கையும், அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போரில் இறங்கினார்கள், உளவுத் தகவலைத் தகுதிக்கு மீறிய உறுதியோடு முன்வைத்தார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்தது.

அந்த மறுப்பால் என்ன பயன், போர் நடந்துதானே விட்டது என்று கேட்பவர்கள் உண்டு. 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில், அமெரிக்கப் படைகளைத் தன் மண் வழியாக அனுமதிக்கும் தீர்மானத்துக்கு 264 பேர் ஆதரவாகவும் 250 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 19 பேர் விலகி நின்றதால் தேவையான பெரும்பான்மைக்கு மூன்று வாக்குகள் குறைந்தன. வெளியே அங்காராவின் தெருக்களில் மக்கள் திரண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து நுழைய இருந்த அமெரிக்கக் காலாட்படையின் நான்காவது டிவிஷன் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு குவைத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பாதுகாப்பு அவையில் மெக்சிகோ, சிலி போன்ற நாடுகள் தங்கள் மக்களின் மனநிலையை மீறி வாக்களிக்க மறுத்ததால் இரண்டாவது தீர்மானம் கைவிடப்பட்டது; ஐ.நா.வின் முத்திரை அந்தப் போருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த முத்திரை இல்லாததையே காரணமாகச் சொல்லி வாஜ்பாய் அரசு ஜூலை 14 அன்று அமெரிக்காவின் கோரிக்கையை மறுத்தது. ஈராக்குக்கு அனுப்பும்படி கேட்கப்பட்ட சுமார் 17,000 இந்திய வீரர்கள் நாட்டிலேயே இருந்தார்கள்.